சம்பளத்தில் கைவைக்க யாருக்கு அதிகாரம்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. சம்பளத் தேதி நெருங்கினால் கடன் வசூல் ஆட்களின் போன் வந்துவிடும். "உங்க சூப்பர்வைசர் மூணு தவணை கட்டலைங்க மேடம். இந்த மாசச் சம்பளத்தைப் பிடிச்சு எங்களுக்குப் போட்டுவிட்ருங்க." கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ். அதில் வக்கீல் கையெழுத்து இருக்கும். நீதிமன்ற முத்திரை இருக்காது.

இந்த மாதிரிக் கடனுக்கு அந்த முத்திரை இல்லாமல் ஒரு ரூபாய் பிடிக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை. வழக்குப் போட்டு, தீர்ப்பாணை வாங்கி, அதை நிறைவேற்ற நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் சம்பள ஜப்தி. அதற்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு எல்லை போட்டிருக்கிறது. முதல் 1,000 ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 25,000 ரூபாய் சம்பளக்காரரிடம் அதிகபட்சம் 8,000 ரூபாய்தான் பிடிக்கலாம். ஒரே தீர்ப்பாணைக்கு மொத்தம் 24 மாதம் பிடித்தால் அத்தோடு சரி. ஜீவனாம்சத்துக்கு மட்டும் கணக்கு வேறு. தையல் மெஷினில் உட்காரும் தொழிலாளியின் கூலியும் போனஸும் ஜப்திக்கு உட்படாது, பி.எஃப். பணமும் அப்படித்தான்.

சம்பளம் மசியாவிட்டால் அடுத்த மிரட்டல், "சிபில்ல ஏத்திருவோம்" என்பது. தவணை தவறினால் பதிவாவது நியாயமே. பொய்யாகப் பதிவாவது வேறு. எங்கள் செக்கிங் பிரிவு அக்கா ஒருவர் வண்டிக் கடனை முடித்து என்.ஓ.சி.யும் வாங்கிவிட்டார். சிபில் அறிக்கையிலோ 'பாக்கி' என்றே நின்றது; வீட்டுக் கடன் கேட்கப் போனபோதுதான் தெரிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம் என்பதோ, புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பதோ அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் கடன் கொடுப்பவருக்குத் தெரிந்த சட்டம் வாங்குபவருக்கும் தெரிய வேண்டாமா? வட்டியையும் கட்டணங்களையும் வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் தர வேண்டும் என்று 2024-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதே தாளில் இந்த உரிமைகளையும் அச்சிடச் சொல்லட்டும். 2002 முதல் அசையாமல் நிற்கும் அந்த 1,000 ரூபாய் வரம்பை உயர்த்த நாடாளுமன்றம் கூட வேண்டும். தாளில் நாலு வரி சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும்.