விழுந்து சுழலும் விமானம்

விமானம் விழாதிருக்கப் பழகுவதே விமானவோட்டியின் முதற்பாடம். அப்படியிருக்க, வேண்டுமென்றே அதனை ஒரு கணம் நிலைகுலையச் செய்து, அந்நிலைகுலைவினாலேயே சுழற்றியெடுக்கும் வித்தையொன்றும் உண்டு. அதன் பெயர் ‘ஸ்னாப் றோல்’. அமெரிக்காவில், தரையில் நின்று றேடியோவினால் பெரிய மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவோர் இதன்மீது கொண்ட மோகம் சொல்லுந்தரமன்று.

அவர்கள் விரும்புவனவற்றுள் ஒன்று ‘பிற்ஸ்’ என்னும் ஈரடுக்கு இறக்கை விமானத்தின் மாதிரி. கேற்றிஸ் பிற்ஸ் என்பார் 1940களில் ஆக்கிய அசல் விமானமே மிகச் சிறியது. பெற்றி ஸ்கெல்ற்றன் என்ற வீராங்கனை 1949இலும் 1950இலும் அதிலேறி மகளிர் வித்தைப் பறப்பில் வாகை சூடினார். அதன் இறக்கை முனைக்கு முனை ஏறக்குறைய 17 அடி. நூற்றுக்கு நாற்பது என்ற அளவில் செய்யும் மாதிரிக்கு 7 அடி வரும். பெற்றோல் இயந்திரம் பூட்டிய அதனைப் பொம்மையென்பது தகாது.

மூக்கைச் சட்டென மேலே தூக்கினால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறும். தூக்கும் விசை குலையும். அவ்வேளை வாற்சுக்கானை ஒருபுறம் முழுவதுந் திருப்பினால் அப்பக்க இறக்கை முந்திக் குலையும். மற்றையது இன்னும் சிறிது சுமந்து நிற்கும். இந்த ஏற்றத்தாழ்வே விமானத்தைச் சுழற்றுகிறது. இரு பிழைகள் சேர்ந்து ஒரு வித்தையாகின்றன! (வகுப்பில் இதனைச் சொல்ல நாம் அஞ்சுகிறோம்; மாணவர் தம் கணக்குகளுக்கும் இந்நியாயத்தையே காட்டுவர்.)

குறுகிய இறக்கையாதலால் பிற்ஸ் விரைவிற் சுழலத் தொடங்கும். விரைவில் நிற்கவுஞ் செய்யும். ஆனால் இரண்டு அடுக்கும் அவற்றை இணைக்குந் தண்டுகளும் காற்றைத் தடுப்பதால் வேகமும் விரைவிற் குன்றும். புதியவர் தவறுவது இங்கேதான். மூக்கைத் தூக்க இழுத்த பிடியை இறுதிவரை விடார். வேகம் வடிந்து, சுழற்சி அகன்று, விமானம் தலைகீழாகச் சுழன்றிறங்கும். குலைவு தொடங்கியதும் இழுவையைத் தளர்த்தவேண்டும். இறக்கைகள் மட்டமாவதற்குச் சற்று முன்னரே எஞ்சிய பிடிகளையும் விடவேண்டும். மிகை வேகத்திற் செய்தாலோ இறக்கையே முறியலாம்.

விமானத்துள் இருப்பவன் அதன் நடுக்கத்தை உடலால் உணர்வான். தரையில் நிற்பவனுக்குக் கண் ஒன்றே துணை. ஆகவே தேர்ந்தவர் முதலில் நல்ல உயரத்திலேயே பழகுவர். பிழைத்தால் எதிர்ச்சுக்கான் கொடுத்து நிமிர்த்த அவகாசமிருக்கும். தாழப் பறந்து கூட்டத்தை மகிழ்விக்க முயன்றவரோ, பல மாதம் கட்டிய விமானத்தைச் சாக்கிலே பொறுக்கிக்கொண்டு வீடு திரும்ப நேரும்.