மைலோ டின்னுக்குள் மாத்திரைகள்

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அம்மாவின் அலமாரியில் பழைய மைலோ டின் ஒன்று கிடைத்தது. திறந்தால், உள்ளே முழுக்க மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாக இனிப்புநீர். செப்டம்பரில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 8.6 விழுக்காடு வந்தது. காலையும் இரவும் 500 மில்லிகிராமாக இருந்த மருந்தை டாக்டர் வேளைக்கு 1,000 ஆக உயர்த்தினார். டிசம்பரில் பார்த்தால் 8.9. "இன்னொரு மருந்து சேர்க்கணும், இல்லாட்டி இன்சுலின்தான்" என்றார் டாக்டர். அம்மா வாயே திறக்கவில்லை.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு ரெண்டா போட்டா வயித்தைக் கலக்குதுப்பா. அதான் பழையபடி ஒண்ணு ஒண்ணா போடறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலை போறப்ப, பஸ்ஸை எங்க நிறுத்தச் சொல்றது? மாத்திரை கூடினா கிட்னி போயிடும்னு பக்கத்து வீட்டு அக்கா வேற சொன்னாங்க."

அம்மாவின் முதல் பயம் நியாயமானது. மெட்ஃபார்மின் அளவைச் சட்டென்று உயர்த்தினால் வயிற்றுப்போக்கு, குமட்டல், வயிறு உப்புதல் வருவது சகஜம். உணவோடு சாப்பிட்டு, படிப்படியாக அளவைக் கூட்டினால் பலருக்குச் சில வாரங்களில் பழகிவிடும். பழகாதவர்களுக்கு, மெதுவாகக் கரையும் வகை மாத்திரை உண்டு. அதை மெல்லவோ பொடிக்கவோ கூடாது.

இரண்டாவது பயம் தலைகீழாகப் புரிந்துகொண்டது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் மருந்து உடலில் தேங்கும். அதனால்தான் இரத்தப் பரிசோதனை செய்து, அளவைக் குறைக்கிறார்கள் அல்லது நிறுத்துகிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சீனிதான். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம்.

அளவைக் கூட்டுவதால் பலன் உண்டா? உண்டு. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிடும்போது, நாளுக்கு 500 மில்லிகிராம் சாப்பிட்டவர்களின் எச்பிஏ1சி 0.6 புள்ளி குறைவாக இருந்தது. 2,000 சாப்பிட்டவர்களுக்கு 2 புள்ளி குறைவு. அதற்கு மேல் ஏற்றியபோது கூடுதல் பலன் இல்லை. ஒரு புள்ளி குறைவதே பெரிய விஷயம். கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைக் காப்பாற்ற அது உதவும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. அதிக அளவை நீண்டகாலம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போனால் "இனிப்புநீர்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல், பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளிக்லசைட், இன்சுலின் போன்றவற்றின் கணக்கு வேறு. அவற்றின் அளவு கூடினால் சீனி மிகவும் இறங்கி, வியர்வையும் நடுக்கமும் வரலாம்.

மறுநாளே மைலோ டின்னோடு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் திட்டுவார் என்று அம்மா பயந்தார். அவரோ டின்னைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, இன்சுலின் எழுதறதுக்கு முன்னாடி கொண்டு வந்தீங்க" என்றார். மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றி, இரவு உணவோடு 500இல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். 2,000 அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. 1,500இல் நிறுத்த இருவரும் பேசி முடிவு செய்தார்கள். இப்போது எச்பிஏ1சி 7.6. சில நாள் வயிறு உப்பத்தான் செய்கிறது. அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்கிறார் அம்மா. பத்துமலைக்கும் பஸ்ஸை நிறுத்தாமலே போய் வந்தார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மருந்தின் அளவைக் கூட்டினால், டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதனால் எவ்வளவு குறையும்? என்ன தொல்லை வரலாம், வந்தால் என்ன செய்வது? மறுபடி எப்போது பரிசோதிப்போம்? நீங்களாகக் குறைக்காதீர்கள், குறைத்திருந்தால் மறைக்காதீர்கள். சாப்பிடாத மாத்திரையைக் கணக்கில் வைத்துத்தான் டாக்டர் அடுத்த மருந்தை எழுதுவார்.

இன்று வீட்டுக்குப் போனதும், அம்மா அப்பாவின் அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.