பேப்பூரின் தச்சர்கள்



கேரளத்தின் கோழிக்கோட்டு நகருக்குத் தெற்கே, சாலியாறு அரபிக்கடலோடு கலக்கும் இடத்தில் பேப்பூர் என்னும் சிற்றூர் உள்ளது. மீன்பிடித் துறைமுகம் கொண்ட ஊர். எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் நெடுங்காலம் வாழ்ந்து 1994-இல் மறைந்ததும் இவ்வூரிலேயே. எனினும் பேப்பூரின் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்றது, 'உரு' எனப்படும் பெரிய மரக்கலமே. அரபு நாட்டு வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வந்து தங்கள் கலங்களைக் கட்டுவித்துச் சென்றனர்.

இத்தொழில் இங்கு வேரூன்ற ஆறும் காடும் துணைநின்றன. சாலியாற்றின் மேற்பகுதியிலுள்ள நிலம்பூர் தேக்குக்குப் புகழ்பெற்றது. வெட்டிய மரங்கள் ஆற்று நீரிலேயே மிதந்து கடற்கரையை வந்தடைந்தன. கப்பல் கட்டத் தேக்கு அற்றுப்போகுமோ என அஞ்சிய ஆங்கில அரசு, கனோலி என்னும் ஆட்சியர் வாயிலாக 1840-களில் அங்கே தேக்குத் தோட்டம் அமைக்கத் தொடங்கியது.

உருவைக் கட்டும் முறை வியப்புக்குரியது. தலைமைத் தச்சரின் கையில் வரைபடம் கிடையாது. நீளம், அகலம், வளைவு ஆகிய அனைத்தும் அவர் மனத்தில் உள்ளன. முதலில் அடிமரம் இடப்படும். பின்னர்ப் பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளே வளைவுக் கட்டைகளைச் சேர்ப்பர். எண்ணெயில் தோய்த்த பஞ்சைத் திணித்து இடுக்குகளை அடைப்பர். ஒரு கலம் முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

கட்டி முடித்த கலத்தை நீரில் இறக்குவோர் கலாசிகள். தச்சர்களுள் பலர் இந்துக்கள். கலாசிகளுள் பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். உருளைக் கட்டைகள், வடங்கள், கப்பிகள் ஆகியவற்றோடு ஒருவர் குரல் கொடுக்க, ஏனையோர் அக்குரலுக்கேற்ப ஒருசேர இழுப்பர். 1988 ஜூலை 8 அன்று பெருமண் பாலத்திலிருந்து ரயில் அஷ்டமுடி ஏரியில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, மூழ்கிய பெட்டிகளை வெளிக்கொணரும் பணிக்கு மலபார்க் கலாசிகளும் அழைக்கப்பட்டனர். எளியோர் என உலகம் எண்ணியவர்களின் அறிவு அன்று நாட்டுக்கே தேவைப்பட்டது.

இன்றோ இரும்பும் கண்ணாடியிழையும் மரத்தின் இடத்தைப் பிடித்துவிட்டன. தேக்கின் விலை ஏறிவிட்டது. பெரிய உருக்களுக்கான வேலை எப்போதாவதுதான் வருகின்றது. சிலர் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சிறிய உருப் பொம்மைகள் செய்து பிழைக்கின்றனர். ஏட்டில் எழுதப்படாத கலையாதலால், ஒரு மூத்த தச்சர் மறையும்போது அவர் அறிந்த அளவுகளும் அவரோடு மறைகின்றன.

பெற்றோரே, இச்செய்தி நமக்கும் உரியது. வயிற்றை நிரப்பாத தொழிலில் மகனைக் கட்டிப்போடுவது நியாயமன்று. "என் துன்பம் உனக்கு வேண்டாம்" என்று தந்தை கூறுவதில் அன்பு உண்டு. ஆனால் அச்சொல்லோடு, தந்தையின் காய்த்துப்போன கைகள் இழிவானவை என்னும் எண்ணமும் பிள்ளையின் உள்ளத்தில் புகுந்துவிடலாகாது. அப்படிப் புகுந்துவிட்டால், அவன் எத்துணைப் படித்தாலும் தன் வீட்டாரை முன்னிட்டு நாணுவான்.

ஆதலால், படிக்க விரும்பும் பிள்ளையைத் தடையின்றிப் படிக்க வையுங்கள். அதே வேளையில், விடுமுறை நாளில் அவனைத் தாத்தாவின் பட்டறைக்கோ, வலை பின்னும் திண்ணைக்கோ அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்லும் அளவுகளை அவன் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். தச்சரிடமோ கொல்லரிடமோ வேலை கொடுக்கும் நாமும், துணிக்கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு இவர்களிடம் மட்டும் கூலியைக் குறைக்கப் பேரம் பேசும் வழக்கத்தை விட்டுவிடுவோம். இம்மாதமே இதனைத் தொடங்கலாமே!