கணிதப் பிரிவு நம் பெண் பிள்ளைகளுக்கும்தான்



சூரியனை ஆராய இந்தியா 2023 செப்டம்பர் 2இல் அனுப்பிய ஆதித்யா எல்-1 செய்மதி, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து சூரியன் ஒருபோதும் மறையாது. ஆனால் செய்மதி சும்மா நிற்காது. நம் வாவியில் தோணியை ஓரிடத்தில் வைத்திருக்கத் துடுப்புப் போடுவது போல இடைக்கிடை திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். முதல் சுற்றுக்கு 178 நாள், மூன்று திருத்தங்கள்.

இதன் திட்டப் பணிப்பாளராக இருந்தவர் நிகார் ஷாஜி. செங்கோட்டை விவசாயி ஒருவரின் மகள், முஸ்லிம் பெண். ஊர் அரசுப் பள்ளியில் படித்து, திருநெல்வேலியில் பொறியியல் முடித்து, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர்.

இங்கே? சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்தவள் உயர்தரத்தில் கலைப் பிரிவில் இருக்கிறாள். (கலை குறைந்ததல்ல, அவள் கேட்டது அதுவல்ல.) "இரவு டியூஷனுக்கு எப்படி அனுப்புற சேர்?" என்கிறார் வாப்பா. நமக்கும் மகள்மார் இருக்கிறார்கள், அந்தக் கவலை விளங்குகிறது. ஆனால் பௌதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் பெண்கள் பாடசாலையிலேயே பகலில் படிப்பிக்க ஆள் தேடாதது நம் பிழை. மினாராவுக்குக் காசு சேர்க்கத் தெரிந்த நமக்கு இரண்டு ஆசிரியர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு சேர்க்க ஏலாதா? பெறுபேறு வருமுன் பள்ளி நிருவாகங்கள் ஒருக்கா கூடிப் பேசட்டும்.