கெப்பல் தீவில் விற்கப்பட்டது எது?

பத்திரிகைத் தொழிலில் நான் காலடி வைத்த நாட்களில், கொழும்பிலே எனக்கு வாய்த்த செய்தி ஆசிரியர் ஒரு பாடம் சொல்லித் தந்தார். "திட்டம்" என்ற சொல் தலைப்பில் வரும் செய்தி எதுவாயினும், முதலில் அதிலுள்ள எதிர்கால வினைமுற்றுகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட வேண்டும். பிறகு நடந்து முடிந்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். நடந்து முடிந்தது எதுவுமே இல்லையென்றால் அது செய்தியன்று, விளம்பரம். விளம்பரப் பகுதிக்கு அனுப்பிக் காசை வாங்கிக்கொள் என்பார் அவர்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள கிரேட் கெப்பல் தீவு பற்றி 2008 முதல் 2023 வரை வெளிவந்த செய்திகளை அண்மையில் ஒருசேரப் படித்தபோது, அந்த மனிதரின் சிவப்புப் பேனை என் நினைவுக்கு வந்தது. ஹோட்டல் கட்டப்படும், படகுத்துறை அமைக்கப்படும், கோல்ப் மைதானம் உருவாகும், வேலைவாய்ப்புகள் பெருகும். பதினைந்து வருடங்களாக இதே பல்லவி. நடந்து முடிந்தவற்றைக் கூறும் வினைகளோ சிலவே: மூடப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, விலகிக்கொண்டது, இரத்துச் செய்யப்பட்டது.

எங்கோ கிடக்கும் ஒரு தீவின் கதை எமக்கெதற்கு என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். இந்தப் பக்கத்தைப் படிப்போரில் கணிசமானோர் அவுஸ்திரேலியாவில் வாழ்பவர்கள், அங்கு வாக்களிப்பவர்கள், வயோதிபத்துக்கென்று சேர்க்கும் பணத்தை எங்கே இடலாம் என்று வார இறுதிப் பத்திரிகைகளின் வண்ண விளம்பரங்களைப் புரட்டுபவர்கள். அவர்களுக்கு இந்தக் கதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

2016-இல் குயின்ஸ்லாந்தில் வாழும் என் தங்கையின் மகன் என்னை அங்கே அழைத்துச் சென்றான். யெப்பூன் நகருக்கு அருகேயுள்ள றொஸ்லின் குடாவிலிருந்து படகில் அரை மணித்தியாலப் பயணம். ஏறத்தாழ 1,450 ஹெக்டேயர் பரப்பும் பதினேழு கடற்கரைகளும் கொண்ட தீவு அது. உலக மரபுரிமைச் சொத்தாக 1981-இல் அறிவிக்கப்பட்ட பெரும் பவளத்திட்டுப் பிரதேசத்தினுள் அடங்குவது. மீனவர் கடற்கரை என்று பெயர் பெற்ற வெண்மணற் பரப்பில் இறங்கி நடந்தோம். சற்றுத் தொலைவில் கம்பி வேலிக்குப் பின்னால் பூட்டிய கட்டடங்கள் நின்றன. மருமகன் கேட்டான்: "மாமா, இது போரில் உடைந்ததைப் போல் இருக்கிறது, இல்லையா?" போர் பார்த்த நாட்டிலிருந்து வந்தவனுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் இங்கே எவரும் குண்டு போடவில்லை. சொந்தக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தீவிலிருந்து மனிதர்கள் அகற்றப்பட்டது ஹோட்டல் மூடியபோது அன்று. அதற்கு நூறு வருடங்களுக்கு முன்னர். ஆதி முதல் அங்கு வாழ்ந்தவர்கள் வொப்பபுரா மக்கள். தீவுக்கு அவர்கள் வழங்கும் பெயர் வொப்பா. கெப்பல் என்ற பெயரோ, 1770-இல் அக்கடல்வழி சென்ற கப்டன் குக், ஒரு பிரித்தானியக் கடற்படைத் தளபதியின் நினைவாக அந்தக் குடாவுக்குச் சூட்டியது. 1897-இல் குயின்ஸ்லாந்து அரசாங்கம் ஆதிவாசிகள் தொடர்பாக இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே "பாதுகாப்பு" என்ற சொல் இருந்தது. ஐந்து வருடங்கள் கழித்து, 1902-இல், தீவில் எஞ்சியிருந்த வொப்பபுரா மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் நடந்த மண்ணில் பின்னர் செம்மறிகள் மேய்ந்தன. அதன் பின்னர் உல்லாசப் பயணிகள் வந்தார்கள்.

அந்த உல்லாச விடுதிக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1980களில் அதன் விளம்பரம் அவுஸ்திரேலிய இளைஞர் மத்தியில் வெகு பிரசித்தம். குடித்துத் தலைகால் தெரியாமல் விழு என்பதும், கப்பலுடைந்து கரையொதுங்கு என்பதும் ஒரே சொல்லில் அடங்கும்படி அந்த வாசகம் அமைக்கப்பட்டிருந்தது. விடுதி கைமாறிக் கைமாறி வந்து, சிட்னியைச் சேர்ந்த டவர் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனத்தின் வசமாகியது. 2008-இல் விடுதி மூடப்பட்டது.

தீவு விடுதிகள் தோற்பதற்கான காரணங்கள் இரகசியமானவை அல்ல. அரிசி, எரிபொருள், படுக்கை விரிப்பு, ஆணி வரை யாவும் கடல் கடந்து வரவேண்டும். குப்பை கடல் கடந்து திரும்பிப் போகவேண்டும். மின்சாரத்துக்கு டீசல் இயந்திரம், குடிநீருக்குத் தனி ஏற்பாடு, புயலுக்கு அஞ்சி உயர்ந்து செல்லும் காப்புறுதிக் கட்டணம். மறுபுறத்தில், மலிவு விமானச் சீட்டில் பாலித் தீவுக்கோ பீஜிக்கோ போய்வர வழி பிறந்துவிட்டது. அறுபது அறையை நிரப்ப முடியாதவனுக்கு அறுநூறு அறை எப்படி இலாபம் தரும் என்பது சின்னப் பிள்ளையும் கேட்கும் கேள்வி.

ஆனால் நிறுவனம் முன்வைத்த பரிகாரம் அதுவேதான். இருந்ததைப் பழுதுபார்த்துத் திறப்பதல்ல, அதைப்போல் பல மடங்கு பெரியதைக் கட்டுவது. முதலாவது திட்டத்தை 2009-இல் மத்திய அரசின் சுற்றாடல் அமைச்சராக இருந்த பீற்றர் கரெட் நிராகரித்தார். திருத்திய திட்டம் வந்தது: 250 அறை ஹோட்டல், 750 வில்லாக்கள், 300 தொடர்மாடி வீடுகள், 250 படகுகள் நிற்கும் துறை, கிரெக் நோர்மன் வடிவமைக்கும் கோல்ப் மைதானம், விமான ஓடுபாதை. மதிப்பீடு 600 மில்லியன் டொலர். 2013-இல் மத்திய அரசும் மாநில அரசும் அங்கீகாரம் வழங்கின. சூதாட்ட விடுதிக்கும் அனுமதி கேட்டார்கள். அது மட்டும் கிடைக்கவில்லை.

வாசகர் இந்தத் திட்டத்தின் எண்களை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். 250 அறைகள் விருந்தினருக்கு. 1,050 வீடுகள் விற்பனைக்கு. உல்லாச விடுதி என்று பெயர் சூட்டிய ஒன்றில் விடுதி ஒரு மூலையில் நின்றது. எஞ்சியதெல்லாம் காணி வியாபாரம்.

அங்கீகாரம் கிடைத்த பின் நடந்தது என்ன? ஒரு வில்லாவும் எழவில்லை. தீவு மீண்டும் சந்தைக்கு வந்தது. வாங்குபவர்கள் வருவதும் பேசுவதும் போவதுமாகக் காலம் கழிந்தது. அவுஸ்திரேலியாவின் பெருஞ் செல்வந்தரான ஜினா றைன்ஹார்ட்டின் ஹன்கொக் நிறுவனமும் ஆர்வம் காட்டி, 2022-இல் விலகிக்கொண்டது. இதற்கிடையில், 2017-இல் மாநில அரசு தீவுக்கு மின்சாரமும் நீரும் கொண்டுசெல்ல 25 மில்லியன் டொலர் பொதுப்பணம் தருவதாக வாக்களித்திருந்தது. ஈற்றில் 2023 மார்ச்சில், செலுத்தவேண்டிய குத்தகைப் பணம் செலுத்தப்படவில்லை என்று கூறி அரசாங்கம் குத்தகைகளை இரத்துச் செய்தது.

இங்கேதான் தலைப்பிலுள்ள கேள்விக்கு வருகிறேன். அந்த நிலத்துக்கு உரிமையாளர் அரசு, அதாவது மக்கள். நிறுவனத்தின் கையில் இருந்தது குத்தகை மட்டுமே. பூட்டிய கட்டடங்களுக்கு விலை இல்லை. அவற்றை இடித்து அகற்றச் செலவுதான் உண்டு. பின் எதை விற்க முயன்றார்கள்? 1,050 வீடுகள் கட்டலாம் என்று அரசு இட்ட கையொப்பத்தை. அந்தக் கையொப்பத்துக்காகக் குத்தகைக்காரர் பொதுமக்களுக்குக் கொடுத்தது ஒரு வாக்குறுதி. வாக்குறுதி நிறைவேறாவிட்டாலும் கையொப்பத்தின் விலை குறைவதில்லை. எனவே கட்டுவதைவிடக் காத்திருப்பது இலாபம். மாடு இல்லாத தொழுவத்தைக் காட்டிப் பாலுக்கு விலை பேசுவது என்றால் இதுதான்.

சுற்றாடல்வாதிகளும் அதிகாரிகளும் இழுத்தடித்ததால்தான் திட்டம் செத்தது என்று ஒரு வாதம் உண்டு. 2009 நிராகரிப்பால் சில வருடங்கள் போனது உண்மை. ஆனால் இறுதி அங்கீகாரத்துக்கும் குத்தகை இரத்துக்கும் இடையில் முழுதாகப் பத்து வருடங்கள் இருந்தன. அந்தப் பத்து வருடத்தில் ஒரு அத்திவாரக் கல்லையும் வைக்கவிடாமல் தடுத்த பவளப்பூச்சி எது?

இன்னொரு வாதம் வேலைவாய்ப்பு. இதை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். யெப்பூனிலே பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு வேலை வேண்டும். அந்த விடுதி மூடியபோது சம்பளம் இழந்தவர்கள் ஏழைகளே. அவர்களது கோபம் நியாயமானது. ஆனால் அவர்களுக்குத் துரோகம் செய்தது யார்? வேலை தருவேன் என்று பதினைந்து வருடம் கூறி, ஒரு படுக்கையைக்கூட விரிக்க ஆளமர்த்தாதவர்கள் அல்லவா? இந்தப் பதினைந்து வருடமும் அதே தீவில் சிறு தங்குமிடங்களை நடத்தியவர்கள் இருந்தார்கள். படகுகள் ஓடின. பயணிகள் வந்து நீந்திவிட்டுப் போனார்கள். தோற்றது தீவு அல்ல. சிறியவனுக்குச் சோறு போட்ட இடத்தில்தான் பெரியவன் கதவடைத்தான்.

கெப்பல் தனிக்கதையும் அன்று. பிராம்ப்டன், லின்டெமன், தென் மொல்லே என்று குயின்ஸ்லாந்துக் கரையில் மூடிக்கிடந்த விடுதிகளின் பட்டியல் நீண்டது. 2011 பெப்ரவரியில் யாசி சூறாவளி சிதைத்த டங்க் தீவின் கதை எல்லாவற்றிலும் கசப்பானது. 2019-இல் மேபெயார் 101 என்ற குழுமம் அதனை 31.5 மில்லியன் டொலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. எதிரே பெருநிலத்திலுள்ள மிஷன் கடற்கரையையும் சேர்த்துப் பெரும் உல்லாசபுரியாக்கப் போவதாக முழங்கியது. அடுத்த வருடமே பணம் செலுத்த முடியாமல் தீவு பழைய உரிமையாளர் வசம் திரும்பியது. அக்குழுமம் பொதுமக்களிடம் பணம் திரட்டிய விளம்பரங்கள், வங்கியின் நிலையான வைப்புக்கு நிகரானவை என்ற தவறான எண்ணத்தைத் தந்தன என்று 2021-இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்து, 30 மில்லியன் டொலர் அபராதம் விதித்தது. அபராதம் யாருக்கு எதைத் திருப்பித் தரும்? நம்பிப் பணமிட்டவர்களில் ஓய்வுபெற்ற பலர் இருந்தனர். நான் மேலே வண்ண விளம்பரங்கள் பற்றிச் சொன்னது இதற்காகத்தான்.

எனது தொழில்சார்ந்தவர்களின் பங்கையும் மறைக்கக்கூடாது. ஓவியர் கணினியில் வரைந்த நீலக் குளத்தையும் வெள்ளை வில்லாவையும் முதற்பக்கத்தில் போட்டது பத்திரிகைகள்தாம். கட்டடம் எழாத நாளெல்லாம் அந்தப் படமே கட்டடமாக நின்றது. வாங்க வருபவரின் பெயர் கொட்டை எழுத்தில் வரும். அவர் விலகிப் போன செய்தி உள்பக்கத்து மூலையில் கிடக்கும். அடிக்கோடிடுவதற்குச் சிவப்புப் பேனை ஒன்றும் அரிய பொருள் அன்று. எடுப்பதற்கு மனம்தான் இருக்கவில்லை.

கைவிடப்பட்ட தீவு விடுதிகள் பற்றிக் குயின்ஸ்லாந்துப் பாராளுமன்றக் குழுவொன்று 2022-இல் விசாரணை தொடங்கியது. நல்லது. ஆயினும் விசாரணை அறிக்கைகளைவிட மூன்று எளிய நிபந்தனைகள் கூடிய பயன் தரும் என்பது என் துணிபு. பொது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் குறித்த காலத்துக்குள் திறக்காவிட்டால், அங்கீகாரமும் குத்தகையும் தாமாகவே காலாவதியாக வேண்டும். இடிபாடுகளை அகற்றும் செலவுக்குரிய பணம் குத்தகை கைமாறும் முன்பே வைப்பில் இடப்பட வேண்டும். தீவின் ஆதி மக்கள் திட்டம் வரைந்த பிறகு கருத்துக் கேட்கப்படுபவர்களாக இல்லாமல், வரையும் மேசையில் அமர்பவர்களாக இருக்க வேண்டும்.

மூன்றாவதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் சமஷ்டி நீதிமன்றம் கெப்பல் தீவுகளிலும் அவற்றைச் சூழ்ந்த கடலிலும் வொப்பபுரா மக்களுக்குள்ள பூர்வீக உரித்தை அங்கீகரித்தது. வெளியேற்றப்பட்டு 119 வருடங்கள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தீவு எத்தனையோ கைகள் மாறிற்று. ஒவ்வொரு கையும் வைத்திருந்துவிட்டு, விலை பேசிவிட்டு, போயிற்று. அதை விற்கவேண்டும் என்று ஒருபோதும் கேட்காதவர்கள் அவர்கள் மட்டுமே. திரும்பிப் போகவேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த திட்டத்தின் வண்ணப்படம் எங்கேனும் ஒரு மேசையில் இப்பொழுதே தயாராகிக்கொண்டிருக்கலாம். அது முதற்பக்கத்தில் வரும் நாளில், அவுஸ்திரேலியாவிலுள்ள என் வாசகர்கள் தங்கள் சேமிப்புப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு சிவப்புப் பேனையைத் திறக்கட்டும்.