பிடிக்கும்போது கேளாத அத்தாட்சி

கணவனை மண்ணிலிட்டுப் பதினாறு கழியுமுன் ஒரு பெண் பள்ளிக்கூட வாயிலில் வந்து நிற்கிறாள். கையிலுள்ள பையில் மரண அத்தாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, சம்பளத் துண்டுகள் சில, ஹட்டன் மருந்துக் கடைகளின் பற்றுச்சீட்டுகள் பல. "சேர், இதக் கொஞ்சம் நிரப்பிக் குடுங்க" என்று ஒரு படிவத்தை நீட்டுகிறாள். அருகில் நிற்பவன் நம் 9ஆம் தர மாணவன். மூன்று நாளாக வகுப்புக்கு வராதவன். தாய்க்காகக் கந்தோர்களில் சிங்களம் பேசப் போயிருந்தான். மலைநாட்டிலே ஆசிரியத் தொழில் பார்க்கும் நமக்கு இக்காட்சி புதிதன்று.

அந்தப் பற்றுச்சீட்டுகளை முதலிற் பார்ப்போம். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை. அது இந்நாட்டு மக்கள் பெற்ற பேறு, அதை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்துக்குத் துண்டெழுதிக் கொடுக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அத்துண்டுகள் பெருகின. அவற்றுக்கு ஈடு கொடுப்பார் எவருமில்லை. நம்போன்ற அரசாங்க ஊழியர்க்கு அக்ரஹாரக் காப்புறுதி உண்டு; நாம் இறந்தால் நம் துணைவர்க்கு ஓய்வூதியமும் உண்டு. இதை எழுதும்போது நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

தோட்டத் தொழிலாளிக்கு உரியது அவனே சேர்த்து வைத்த பணம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கப்படுகிறது. தோட்டம் 12 செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் மேலும் 3 செலுத்த வேண்டும். 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்திலே 108 ரூபாய் அவன் கையைக் காணாமலே போய்விடும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ, ஐந்தாண்டுக்குக் குறையாமல் உழைத்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் என்கிறது. முப்பதாண்டு உழைத்து, அந்த 1350 ரூபாய்ச் சம்பளத்தில் ஒருவன் இறந்தால் 567,000 ரூபாய். சேவை முடிந்த 30 நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். சாவும் சேவையின் முடிவே. சேவையிலிருக்கையில் இறந்தவனுக்கு நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் ஆயுட் காப்புறுதி நலனும் உண்டு. இதை அறிந்த விதவையை நாம் இன்னும் கண்டதில்லை. ஆசிரியர்களுள்ளும் அறிந்தவர் சிலரே.

இத்தனையையும் மறித்து நிற்பது என்ன? ஓரெழுத்து! செக்ரோலில் அவன் ராமையா. அடையாள அட்டையில் ராமசாமி. அவளோ ஓரிடத்தில் லெச்சுமி, ஓரிடத்தில் லெட்சுமி, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் லட்சுமி. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியவர்கள் தத்தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். மாரியம்மன் கோவிலில் தாலி கட்டி, ஒரே லயக் காம்பிராவில் முப்பதாண்டு வாழ்ந்தவளிடம் "விவாகப் பதிவு எங்கே?" என்கிறது கந்தோர். பிறகு சத்தியக்கடதாசி, அதற்குச் சமாதான நீதவான், கிராம உத்தியோகத்தர் கடிதம், துரையின் கடிதம். ஒவ்வொரு பயணத்துக்கும் அவளுக்கு ஒரு நாட்பேர் போகிறது. பஸ் கட்டணம் வேறு.

"பாவம், அறியாத சனங்கள், விழிப்புணர்வு ஊட்டுங்கள்" என்று கனவான்கள் மேடையில் அருளுகிறார்கள். யாருடைய அறியாமை ஐயா இது? செக்ரோலை எழுதியவள் லெச்சுமியா? முப்பதாண்டு அவன் பெயரிற் பணம் பிடித்தபோது, அந்தப் பெயர் அடையாள அட்டையோடு பொருந்துகிறதா என்று ஒரு கணக்கப்பிள்ளையும் ஒரு நாளும் கேட்டதில்லையே! பிடிக்கும்போது ராமையாவும் ராமசாமியும் ஒருவனே. கொடுக்கும்போது மட்டும் இருவராகி விடுகிறார்கள். மோசடியைத் தடுக்கத்தான் இவ்விதிகள் என்பர். மோசடியை யார் செய்தார்? அரசாங்கத்துக்கே சொந்தமான மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, தொழிலாளர்க்குரிய சேமலாப நிதியைச் செலுத்தாமல் நிலுவை வைத்தது நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்ட செய்தி. அதற்கு எந்தக் கந்தோரும் சமாதான நீதவானின் கையொப்பம் கேட்டதாகத் தெரியவில்லை.

பத்திரம் கேட்டு இம்மக்களை விரட்டுவது பழைய கதை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக மனுச் செய்யப்பட்டது. பிரஜைகளானோர் ஏறக்குறைய 134,000 பேர். நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அத்தாட்சி கேட்கும் புத்தி மட்டும் கந்தோரை விட்டுப் போகவில்லை.

சங்கங்களையும் விடுவதற்கில்லை. மாதந்தோறும் சந்தா அதே செக்ரோலில்தான் பிடிபடுகிறது. சாவீட்டுக்கு மாலையோடு வரும் தலைவர், பதினாறு கழிந்தபின் படிவத்தோடு வருவதில்லை. இரண்டொரு நல்ல தோட்டத் தலைவர்களை நாம் அறிவோம், அவர்கள் மன்னிப்பார்களாக.

நிரூபிக்கும் பாரம் விதவையின் தலையில் இருத்தல் ஆகாது. புத்தகத்தை வைத்திருப்பது தோட்டம். ஆகவே பெயர்ப் பிழையைத் திருத்துவதும், சாவுக்குப் பின் கோரிக்கைகளைத் தயாரித்து அனுப்புவதும் தோட்டத்தின் கடன். பின்னுரித்தாளர் பெயரை வேலைக்குச் சேர்க்கும் அன்றே தமிழில் எழுதித் தொழிலாளிக்கு வாசித்துக் காட்டட்டும். 1987 முதல் தமிழும் அரசகரும மொழிதானே! தொழில் திணைக்கள உத்தியோகத்தர் லயத்துக்கு ஏறி வரட்டும். பணிக்கொடை 30 நாளைத் தாண்டினால் தோட்டம் மேலதிகப் பணம் செலுத்த வேண்டுமென்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைத் தொழிற்கந்தோர் அறவிடட்டும்.

அந்தப் படிவத்தை நாம் நிரப்பிக் கொடுத்தோம். மறுவாரம் அது திரும்பி வந்தது. கணவன் பெயரில் ஓரெழுத்து மிகையாம். நம் மாணவன் அன்றும் வகுப்புக்கு வரவில்லை.