சாயப் பட்டறைக்கு முன் சோதனைக் கிணறு

குற்றாலத்துச் சாரலில் நனைந்து வாழும் நமக்கு, தண்ணீரும் கெட்டுப்போகும் என்ற எண்ணம் எளிதில் தோன்றுவதில்லை. ஆயின் அருவி நீர் சிற்றாற்றின் வழியே ஓடிவிடுகிறது. புளியங்குடியின் எலுமிச்சைத் தோட்டங்களும் சங்கரன்கோவில் பக்கத்துத் தறிக்கூடங்களும் பெரிதும் நம்பியிருப்பது பாறை வெடிப்புகளில் தங்கும் கிணற்று நீரையேயாகும். அது கெடுவதைக் கண்ணால் காண இயலாது. ஆதலின், சாயப் பட்டறை அமைப்பதற்கு முன்பே சோதனைக் கிணறுகளைத் திட்டமிட வேண்டும் என்பது என் துணிபு.

திருப்பூரின் அனுபவம் நமக்குப் பாடமாகும். நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்திற்கென 1992ஆம் ஆண்டில் முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவின் தேக்கமாயிற்று. வயலும் கிணறும் உவர்ப்பாயின. விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. முதலில் உழவன் நிலத்தை இழந்தான்; பின்னர் தொழிலாளி வேலையை இழந்தான். சாயம் ஏற்றப் பயன்படும் உப்போ மக்கி அழியும் பொருளன்று. பட்டறையை மூடிய பின்னும் அது மண்ணிலும் பாறையிடுக்கிலும் தங்கிவிடுகிறது.

இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவுக் குவியலும் இதனையே உணர்த்துகிறது. குவியல் இருக்கும்வரை ஒவ்வொரு மழையும் குரோமியத்தைக் கரைத்து நிலத்தடிக்கு அனுப்பும். கெட்ட நீரை இறைத்துச் சுத்திகரிப்பதோடு, கெட்ட மண்ணையும் அகற்றவோ நீர் புகாவண்ணம் மூடவோ வேண்டும். மண்ணை விட்டு நீரை மட்டும் இறைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

ஆயின் எங்கே இறைப்பது? அழுக்கு எத்திசையில், எவ்வளவு ஆழத்தில் செல்கிறது என்று அறியாமல் பெரிய மோட்டாரை வைத்து இறைத்தால், அடுத்த தோட்டத்து நல்ல கிணற்றை நோக்கி அழுக்கை நாமே இழுத்து வந்தவர்களாவோம். நிலத்தின் சரிவைப் பார்த்து நீரோட்டத்தை முடிவு செய்வதும் போதாது. ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளிலேனும் நீர்மட்டத்தை ஒரு பொது மட்டத்திலிருந்து அளந்தால்தான் திசை புலப்படும். பின்னர், கழிவு சேரும் இடத்திற்கு மேற்புறம் ஒன்று, அருகில் ஒன்று, கீழ்ப்புறம் இரண்டு மூன்று எனக் கிணறுகள் அமைய வேண்டும். மேற்புறக் கிணறு இல்லையேல், உப்பு பட்டறையால் வந்ததா, பாறையின் இயல்பா என்ற வழக்கு ஒருநாளும் தீராது.

இருக்கின்ற பாசனக் கிணறே போதாதா என்று அங்கத்தினர் கேட்கலாம். பல ஊற்றுகள் கலக்கும் அகன்ற கிணற்றில் எந்த ஊற்று கெட்டது என்று பிரித்தறிய முடியாது. சோதனைத் துளை சிறியதாயிருப்பினும், குழாயின் வெளிப்புறத்தைச் சிமெண்டுக் கலவையால் நன்கு அடைக்க வேண்டும். இன்றேல் அத்துளையே மேல்மட்டத்து அழுக்கு கீழிறங்கும் வழியாகிவிடும். குழாயில் தேங்கிய பழைய நீரை இறைத்த பின்னரே மாதிரி எடுத்தல் வேண்டும். ஆண்டுதோறும் சாரலுக்கு முன் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் எடுப்பது நலம்.

தொடக்க இருப்பு எழுதப்படாத ரொக்கப் புத்தகத்தை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ளார். தண்ணீருக்கும் அத்தகைய தொடக்க இருப்பு தேவை. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. நம் கிணறு இன்று எந்த அளவில் நிற்கிறது என்பதை இன்றே எழுதி வைக்க வேண்டும்.

எனவே, பொதுச் சாயக் கூடத்திற்குக் கடன் கோரும் எந்த மனுவிலும் சோதனைக் கிணறுகளின் வரைபடமும் அவற்றின் செலவும் இடம்பெறுதல் வேண்டும். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் அச்செலவைப் பகிர்ந்து, முடிவுகளை இரு அலுவலகங்களின் பலகையிலும் எழுதி வைக்கட்டும். தறியும் ஏரும் ஒரே ஊரில், பல இடங்களில் ஒரே வீட்டில் உள்ளன. ஒன்றின் பிழைப்பு மற்றொன்றின் கிணற்றைக் கெடுக்குமாயின், அதைக் கூட்டுறவு என்று சொல்வது எங்ஙனம்?